ஓதற்பிரிவும் ஓட்டுநரின் மறைவும்

ஆண்டுக்குப் பெரும்பொழுது ஆறு என்று வகுத்தனர் முன்னோர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று திங்கள் இரண்டாகப் பங்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவையும் ஒரு புள்ளையும் ஒரு துயரத்தையும் உரிமையாக்கி வைத்தனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஏழாவது பருவம் அவர்கள் காலத்தில் பிறந்திருக்கவில்லை. அதற்கு விண்ணப்பப் பருவம் என்று பெயர்.

மழை ஓய்ந்து பனி தொடங்காத இடைவெளியில் அது மெல்ல வந்து இறங்கும். வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் வெறுமையாய்க் கிடக்கும். காற்றுக்கு எந்தப் பக்கமும் பற்று இராது. புகைப்படக் கடைகளில் இளையோர், சிரிக்கத் தடை விதிக்கப்பட்டவர்களாய், இரு காதுகளும் தெரிய வெண்திரை முன் அமர்வர். நகலெடுக்கும் இயந்திரங்கள் ஓயாமல் சூடேறி வண்டென முரலும். முல்லை மலர்வதற்குப் பதிலாக வீடுதோறும் பழுப்புநிற உறைகள் மலரும். தாயர் குரல் தாழ்த்திப் பேசுவர். தந்தையர் காரணமின்றித் தொண்டையைச் செருமிக்கொள்வர். பிள்ளைகள் மட்டும், உடல் இங்கிருக்க, வேறொரு நாட்டின் நேரத்தில் உறங்கி வேறொரு நாட்டின் நேரத்தில் விழிப்பர்.

இப்பருவத்துக்கு உரிய ஒழுக்கம் பிரிவு. கல்வி கருதிப் பிரிவதை ஓதற்பிரிவு என்று தனியே பெயரிட்டுப் போற்றிய மரபு நம்முடையது. அப்பிரிவு மூன்றாண்டைக் கடக்கலாகாது என்று வரம்பும் கட்டினார்கள். பாவம், விசா நீட்டிப்பு என்னும் பேரருளை அவர்கள் அறியார்.

கடல் கடந்து கற்பதே கல்வி. உள்ளூரில் கற்பது வெறும் எழுத்தறிவு. இது ஐயந்திரிபற நிலைநாட்டப்பட்ட உண்மை. இவ்வுண்மையின்பொருட்டு ஒரு தந்தை தம் உயிரையே கொடுத்தார். இதை உபசார வழக்கென்று கொள்ள வேண்டா. எழுத்து மூலம், சான்றொப்பத்துடன், மூன்று பிரதிகளில் கொடுத்தார்.

அவர் ஒரு மருத்துவமனையின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். இருபத்திரண்டு ஆண்டுப் பணி. அழைப்பு வந்த நான்காம் நிமிடத்தில் அவருடைய வண்டியின் சக்கரம் உருண்டாக வேண்டும், உருண்டது. வீட்டுக்குள் நுழையும்போதே காலணியை வாசல் பக்கம் திருப்பிக் கழற்றி வைப்பவர். மனைவி அதே மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். ஒரே மகள். வணிகவியலில் இளங்கலை முடித்து, விநியோகத் தொடர் மேலாண்மை என்னும் மேற்படிப்பைக் கடல் கடந்து கற்க விரும்பினாள். ஒரு பொருள் புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வது எப்படி என்பதே அப்படிப்பின் சாரம். தந்தை இருபத்திரண்டு ஆண்டுகளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஆனால் உள்ளூரில் செய்தார். ஆகவே அது படிப்பாகாது.

தந்தையும் மகளுமாக ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையத்துக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவு. காலடி ஓசை கேளாத கம்பளம். சுவர் முழுதும், கறுப்பு அங்கியணிந்து தொப்பியை வானில் எறியும் இளையோரின் படங்கள். கருவறைக்குரிய குளிர்ச்சி அங்கு நிலவியது; ஏ.சி. அதற்குப் பொறுப்பேற்றிருந்தது.

ஆலோசகர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு மகளைப் பார்த்தார்.

"சொல்லும்மா. ஏன் இந்தப் படிப்பு?"

"நல்ல வேலை கிடைக்கும்னு சார்."

தெய்வ நிந்தனை காதில் விழுந்ததுபோல் ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா. படிச்சா வேலை கிடைக்கும்னு விளம்பரம் பண்றது அவங்க உரிமை. அதை நம்பித்தான் வர்றோம்னு நாம காட்டிக்கிட்டா மரியாதையா இருக்காது. உள்ளுக்குள்ள ஒரு காயம் வேணும். அந்தக் காயத்துக்கு மருந்து தேடித்தான் நீ கடல் தாண்டறே. புரியுதா?"

பின்னர் அவர் நோக்க உரையின் இலக்கணத்தை விளக்கினார். "எஸ்.ஓ.பி." என்று வழங்கும் அந்நூல்வகை நான்கு பத்திகளால் ஆனது. முதற்பத்தி, ஆர்வம். இரண்டாம் பத்தி, மதிப்பெண். மூன்றாம் பத்தி, துயரம். நான்காம் பத்தி, படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்பித் தொண்டாற்றுவேன் என்னும் சூளுரை. இந்த நான்காம் பத்தி எல்லோருக்கும் ஒரே வாசகம். அதைப் படிப்பவர் நம்புவதில்லை, எழுதுபவர் படிப்பதில்லை. உயிர்நிலை மூன்றாவதில் இருந்தது.

"வீட்ல யாராச்சும் தவறியிருக்காங்களா?" என்று ஆலோசகர் பேனாவைத் திறந்தார்.

ஓட்டுநர் உதவ விரும்பினார். "எங்கப்பா தவறிட்டாரு சார்."

"நல்லது. எப்படி?"

"எண்பத்தாறு வயசு. தூக்கத்துலயே போயிட்டாரு."

பேனா மூடப்பட்டது. "தூக்கத்துல போனா அதுல யாருக்கு சார் என்ன பாடம் இருக்கு? வேற?"

"எங்கம்மா. அவங்களும் வயசாகித்தான்."

"உங்க குடும்பத்துல எல்லாரும் ரொம்ப நிதானமா போயிருக்காங்க சார்," என்றார் ஆலோசகர். அக்குரலில் ஒரு மெல்லிய கண்டனம் இருந்தது.

அவ்வேளையில் ஓட்டுநரின் சட்டைப்பை அதிர்ந்தது. "கூப்பிடறாங்க. நீ பேசிட்டு வாம்மா" என்றபடி எழுந்தார். ஆட்டம் கண்ட கண்ணாடிக் கதவு நிலைகொள்வதற்குள் தெருவில் நின்ற அவர் வண்டியின் சங்கொலி எழுந்து தேய்ந்தது.

ஆலோசகர் சன்னலைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "அப்பா என்ன வேலைம்மா?"

"ஆம்புலன்ஸ் ஓட்டறாரு சார்."

அந்தப் பருவத்திலேயே முதன்முறையாக ஆலோசகர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார் என்று மகள் பின்னாளில் சொன்னாள்.

ஏழு வாரம் கழித்து, ஓட்டுநர் பணி முடிந்து வந்து வெறுந்தரையில் காலை நீட்டி அமர்ந்திருந்த ஒரு பிற்பகலில், மகளின் மடிக்கணினிக்கு அந்தக் கடிதம் வந்தது. அவள் கூவிய கூவலில் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"கிடைச்சிடுச்சும்மா! கிடைச்சிடுச்சுப்பா!"

"எங்க, படி. தமிழ்ல சொல்லிக்கிட்டே படி," என்றாள் தாய்.

மகள் படித்தாள். தங்களைச் சேர்த்துக்கொள்வதில் பல்கலைக்கழகம் பெருமகிழ்ச்சி அடைகிறது. தங்களுக்கு முழுக் கட்டண விலக்கும் வழங்கப்படுகிறது. தங்களுடைய நோக்க உரையைத் தேர்வுக் குழுவினர் எழுந்து நின்று வாசித்தனர்.

அத்துடன் அவள் குரல் நின்றது.

"மேல படி."

"அவ்வளவுதாம்மா."

"கீழ இன்னும் நாலு வரி இருக்கே," என்றார் ஓட்டுநர். தொலைவிலிருந்தே பெயர்ப்பலகை படித்துப் பழகிய கண் அது.

மகள் தலை குனிந்துகொண்டாள். "தங்கள் தந்தையாரின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல்."

கரண்டியிலிருந்து ஏதோ ஒன்று சொட்டியது. ஓட்டுநர் தமக்குப் பின்னால் எவரேனும் இருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இல்லை.

"யாரோட தந்தை?"

"என்னோட."

"அப்போ நான்தான்."

"அப்பா, அது சும்மா எழுத்துதான்பா. எல்லாரும் எழுதறாங்க. எழுதலேன்னா கிடைக்காதுன்னு அவர் சொன்னாரு. உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"எதுல போனேன்?"

"மாரடைப்பு."

ஓட்டுநர் தலையை அசைத்தார். எத்தனையோ மாரடைப்புகளை ஏற்றி இறக்கியவர் அவர். அதில் தமக்கும் ஒரு பங்கு வந்ததில் அவருக்குப் பெரிய வியப்பில்லை. "சரி, இருக்கட்டும். எல்லாருக்கும் வர்றதுதான். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க?"

மகள் மடிக்கணினியைப் பாதி மூடினாள்.

"கேக்கறேன்ல?"

"கொண்டு போகலப்பா. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆயிடுச்சு. வாழ்நாள் முழுக்க ஆம்புலன்ஸ் ஓட்டினவருக்கு ஒரு ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வரல. அன்னிக்குத்தான் நான் விநியோகத் தொடர் மேலாண்மை படிக்கணும்னு முடிவு பண்ணேன்... அப்படின்னு எழுதியிருக்காரு."

தம் மரணத்தை அமர்ந்தபடியே கேட்டவர் இப்போது எழுந்துவிட்டார்.

"எந்த வண்டி?"

"அப்பா..."

"எந்த வண்டி நாற்பது நிமிஷம் எடுத்துச்சு? யார் ஓட்டினான்? இந்த இருபத்திரண்டு வருஷத்துல எந்த வண்டி எந்தத் தெருவுக்கு நாற்பது நிமிஷத்துல போயிருக்கு? எழுதறதுக்குக் கை கூசாதா?"

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "மனுஷன் செத்துப்போனது பரவாயில்லையாம். வண்டி மெதுவா வந்ததுதான் குறையாம். இவரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண!"

மறுநாள் காலை ஓட்டுநர் ஆலோசனை நிலையத்தில் முறையிடச் சென்றார். வெளியறையில், அயர்ச்சியற்ற முகத்துடன் ஒரு மளிகைக் கடைக்காரர் காத்திருந்தார்.

"பிள்ளைக்கா?" என்று விசாரித்தார் கடைக்காரர்.

"பொண்ணுக்கு. என்னைச் சாகடிச்சிட்டாங்க."

"முதல் தடவையா? கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருக்கும். பழகிடும்." கடைக்காரர் காலை மடக்கி இடம் கொடுத்தார். "பெரியவனுக்காக எனக்கு நுரையீரல்ல போச்சு. அவன் சுற்றுச்சூழல் படிக்கறான். இப்ப சின்னவ. மருந்தியல் கேக்கறா. சிறுநீரகம் சரியா வருமான்னு கேக்க வந்தேன்."

"உங்க பையன் உங்ககிட்ட பேசறானா?"

"பேசாம என்ன? போன வருஷம் வந்திருந்தான். ஏர்போர்ட்ல என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்னுட்டான். அப்புறம் சுதாரிச்சுக்கிட்டான். நல்ல பிள்ளை."

உள்ளே ஆலோசகர் மிகுந்த பணிவோடு வரவேற்றார். அவருடைய வாடிக்கையாளர்களில் காலமானவர்களுக்குத் தனி மரியாதை உண்டு.

"சார், நான் செத்ததைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லை," என்று தொடங்கினார் ஓட்டுநர். "பொண்ணுக்கு நல்லது நடக்கும்னா அதுல என்ன இருக்கு? அந்த நாற்பது நிமிஷத்தை மட்டும் எடுத்துடுங்க. வண்டி நாலு நிமிஷத்துல வந்துச்சு, ஆஸ்பத்திரில மருந்து இல்லேன்னு போடுங்க. இல்ல, டாக்டர் இல்லேன்னு போடுங்க."

"விநியோகத் தொடர் எங்க சார் வரும் அதுல?"

"அதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?"

"சார், நீங்க அழகைப் பாக்க மாட்டேங்கறீங்க. அடுத்தவங்களுக்காக ஓடினவருக்கு அவருடைய வண்டியே வரல. இதைப் படிச்சிட்டு என் உதவியாளர் ரெண்டு நாள் சரியா சாப்பிடல. தெரியுமா?"

"அப்போ நான் உயிரோட இருக்கேன்னு நானே எழுதிப் போட்டுடறேன்."

ஆலோசகரின் முகம் தீவிரமாயிற்று. "தாராளமா எழுதலாம். ஆனா அது பொய்த் தகவல் குடுத்த குற்றமாயிடும் சார். விண்ணப்பத்துல செத்துட்டு வெளியில உயிரோட இருக்கறது பெரிய மோசடி. சீட்டு போயிடும். அது மட்டுமா? பத்து வருஷத்துக்கு எந்த நாட்டுக் கதவும் உங்க பொண்ணுக்குத் திறக்காது. அதோட, உயிரோட இருக்கறதுக்கு ஆதாரம் கேப்பாங்க."

"நான்தான் ஆதாரம்."

"நேர்ல வர்றதையெல்லாம் ஆதாரமா ஏத்துக்க மாட்டாங்க சார்."

ஓட்டுநர் சுவரைப் பார்த்தார். தொப்பிகளை வானில் எறிந்துகொண்டிருந்த அத்தனை பிள்ளைகளும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளையை அவையில் முன்னிருத்துவது தந்தையின் கடன் என்று சான்றோர் சொல்லிவைத்திருக்கிறார்கள். அதற்குத் தந்தை அவையிலேயே இல்லாமற்போக வேண்டும் என்பது பிற்கால உரையாசிரியர்கள் கண்ட நுட்பம்.

"இன்னும் ஒரே ஒரு படிதான் சார்," என்றார் ஆலோசகர். "வர்ற வாரம் அவங்க ஆறுதல் சொல்ல வீடியோ கால் பண்ணுவாங்க. உங்க வீட்டம்மாகிட்ட பேசுவாங்க. நீங்க மட்டும் வீட்ல இல்லாம பார்த்துக்கங்க. அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து ஓட்டுநர் தம் நிபந்தனையை அறிவித்தார். "நான் செத்தவனாவே இருந்துக்கறேன். ஆனா வண்டி மெதுவா வந்துச்சுன்னு கால் பண்றவங்க சொல்லி, நீங்களும் ஆமான்னு தலையாட்டினீங்கன்னா, நான் வெளிய வந்துடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

மகள் அழுதாள். "அப்பா, நான் இங்கயே இருந்தா ஏதோ ஒரு கடைல பில் போட்டுக்கிட்டுத்தான் இருக்கணும்பா." அதில் உண்மையும் இருந்தது. ஏற்கெனவே ஐந்து மாதம் அவள் அதைத்தான் செய்திருந்தாள்.

அழைப்பு நாள் வந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு எங்கயாவது போயிட்டு வாங்களேன்," என்றாள் மனைவி.

"செத்தவனுக்கு எதுக்கு லீவு?" என்றார் ஓட்டுநர். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வீட்டிலிருந்தபடியே அழைப்புக்குக் காத்திருக்கும் முறை அன்று அவருடையது. ஆகவே அடுக்களைக்குள் போய், ஒழுகிக்கொண்டிருந்த குழாயைத் திருத்த உட்கார்ந்தார். கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டார். அடுக்களையிலிருந்து வெளியேற முன்னறையைத் தவிர வேறு வழியில்லை. அதை யாரும் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் திரையில் ஓர் அம்மையார் தோன்றினார். மாணவர் நல்வாழ்வு மற்றும் துயர்துணைப் பிரிவின் துணை அலுவலர். கனிந்த முகம். துயரத்துக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட சாம்பல்நிற மேலாடை. அவர் பேசப் பேச மகள் தமிழாக்கினாள்.

"உங்க இழப்புக்கு வருத்தப்படறாங்கம்மா. அவர் எப்படிப்பட்டவருன்னு கேக்கறாங்க."

கணவனைப் பற்றி அயலார் ஒருவரிடம் பேசும் வாய்ப்பு மனைவிக்கு வாழ்வில் முதன்முறையாக வாய்த்திருந்தது. ஆலோசகர் எழுதிக் கொடுத்திருந்ததை அவள் மறந்துவிட்டாள்.

"அவரா? கோவக்காரர். சாப்பாட்டுல உப்பு கம்மின்னா ஒண்ணும் சொல்ல மாட்டாரு, எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்துட்டு வந்து என் எதிர்ல வைப்பாரு. ஆனா ஒண்ணு. யாரு கூப்பிட்டாலும் நாலே நிமிஷம். எங்க கல்யாணத்தன்னிக்கும் போனாரு. மாலையோட போனாரு. இருபத்திரண்டு வருஷத்துல அவர் வண்டி ஒரு நாள்கூட மெதுவா போனதில்ல."

மகள் தயங்கித் தயங்கி ஆங்கிலமாக்கினாள். திரையிலிருந்த அம்மையார் கையிலிருந்த தாளைப் புரட்டினார். புருவம் சற்றே நெருங்கியது.

"அப்போ அன்னிக்கு மட்டும் ஏன் நாற்பது நிமிஷம் ஆச்சுன்னு கேக்கறாங்கம்மா," என்றாள் மகள்.

அடுக்களைக்குள் ஓட்டுநரின் கை கதவைப் பற்றியது. மகளின் முதுகு, ஒருக்களித்த இடுக்கின் வழியே தெரிந்தது. சிறு வயதில் தடுப்பூசிக்கு நிற்கையில் தோள்களைக் குறுக்கிக்கொள்வாளே, அப்படியே நின்றிருந்தாள். அவர் கதவை ஒரு விரற்கடை இழுத்தார்.

"ஆமாங்க, ஆச்சு," என்றாள் மனைவி. "ஏன் ஆகாது? நேரத்துக்கு ஓட்டறவர் அவர் ஒருத்தர்தானே? அவர்தான் படுத்துட்டாரே. அன்னிக்கு வேற யாரோ ஓட்டினாங்க."

மகள் மொழிபெயர்த்தாள். இடையில் அவள் குரல் உடைந்தது. அந்த உடைவை எவரும் அவளுக்கு எழுதிக் கொடுத்திருக்கவில்லை. துணை அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். கதவுக்குப் பின்னால், தம்முடைய மறைவுக்காக ஓட்டுநரும் சற்று அழுதார். இத்தனை ஆண்டு இல்வாழ்க்கையில் மனைவி தம்மைப் புகழ்ந்து அவர் கேட்டது அதுவே முதல் முறை. உயிரோடிருந்து இதைக் கேட்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைக்கும்?

அப்போதுதான் அவருடைய சட்டைப்பை அதிர்ந்தது.

யாரோ, எங்கோ, ஒரு வீட்டில் தரையில் கிடக்கிறார்கள். ஒரு நிமிடம் போயிற்று. முன்னறையில் துணை அலுவலர் துயரத்தின் ஐந்து படிநிலைகளை விளக்கத் தொடங்கியிருந்தார், இரண்டாவதில்தான் இருந்தார். ஓட்டுநர் துண்டை எடுத்துத் தலையில் முக்காடிட்டார். ஒரு கையில் வாளி. மறு கையில் குழாய் முடுக்கி. கதவைத் திறந்துகொண்டு திரைக்குக் குறுக்கே நடந்தார்.

"குழாய் சரியாயிடுச்சும்மா. வாஷர்தான் போயிருந்துச்சு."

"சரிங்கண்ணே, போயிட்டு வாங்க," என்றாள் மனைவி, கண் இமைக்காமல்.

வாளியும் முடுக்கியும் வாசலில் கிடந்தன. நான்காம் நிமிடத்தில் சக்கரம் உருண்டது. அன்று கிடத்தி ஏற்றப்பட்டவர் ஒரு பள்ளி ஆசிரியை, பிழைத்துக்கொண்டார். மறைந்த ஓட்டுநர் ஒருவரால் காப்பாற்றப்பட்டோம் என்பதை அவர் அறியவில்லை.

புறப்பாட்டு நாளில் மகளை வானூர்தி நிலையத்துக்குத் தந்தைதான் அழைத்துச் சென்றார். அதே பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் வேறு இரு மாணவர்களும் அங்கு நின்றிருந்தார்கள். ஆகவே அவர் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, வாடகை வண்டிக்காரர்கள் நிற்கும் தொலைவில் நின்றுகொண்டார். ஓடி வந்து கட்டிக்கொள்ள முனைந்த மகளைக் கண்ணாலேயே தடுத்தார். "போயிட்டு வாங்கம்மா, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டீங்களா, பார்த்துக்கங்க," என்றார், பெற்ற மகளிடம், பன்மையில்.

வெளிநாட்டுக் கல்வி வீண்போவதில்லை. பட்டம் பெறுமுன்பே அவளுக்கு ஒரு மாபெரும் பொருள் அனுப்பும் நிறுவனத்தில் பணி உறுதியாயிற்று. "ஏற்கத்தக்க தாமதப் பகுப்பாய்வாளர்" என்பது பதவியின் பெயர்.

"அப்படின்னா என்னம்மா வேலை?" என்று தொலைபேசியில் கேட்டார் தந்தை.

"ஒரு பார்சல் எவ்வளவு நேரம் கழிச்சுப் போனா ஜனங்க கோவப்படாம இருப்பாங்கன்னு கணக்குப் போடணும்பா."

"நேரத்துக்கே கொண்டு போய்க் குடுத்துட்டா?"

மறுமுனையில் மகள் சிரித்தாள். இரண்டாண்டுக் கல்வியின் முதிர்ச்சி அச்சிரிப்பில் இருந்தது. "அப்படியெல்லாம் பண்ண முடியாதுப்பா. அதுக்கு நிறைய ஆள் வெக்கணும்."

பட்டமளிப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. "எஞ்சியுள்ள பெற்றோருக்கு" என்று மேலுறையில் அச்சிட்டிருந்தார்கள். எஞ்சியுள்ள பெற்றோர் புதிய சேலை உடுத்து, வானூர்தியேறி, கடல் கடந்து போனாள். போகுமுன் எஞ்சாத பெற்றோருக்கு மூன்று நாளைக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போனாள்.

விழா அங்கே காலையிலும் இங்கே பிற்பகலிலும் நடந்தது. ஓட்டுநர்கள் இளைப்பாறும் அறையில், தண்ணீர்க் குடுவையின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் உடன் செல்லும் முதலுதவியாளர் எதிரில் அமர்ந்து கட்டுத்துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். புதிதாகப் பணிக்கு வந்தவர். நடுத்தர வயது.

திரையில் மகள் கறுப்பு அங்கியோடு மேடையேறினாள். மூன்றாம் வரிசையில் மனைவியின் சேலைத் தலைப்பு ஒருகணம் தெரிந்து மறைந்தது. முதுபேராசிரியர் ஒருவர் ஒலிவாங்கியை நெருங்கி ஏதோ அறிவித்தார். அந்த மாணவியின் தந்தை பெயரால் இவ்வாண்டு முதல் ஓர் உதவித்தொகை நிறுவப்படுகிறது. அன்று களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டார்கள். இன்று படிவம் நடுகிறார்கள். இனி அவர் எக்காலத்தும் உயிர்த்தெழ இயலாதவாறு அவர் நினைவு நிலைபெற்றுவிட்டது. பேரவையினர் அனைவரும் அவருக்காக ஒரு நிமிடம் மௌனம் காக்க எழுந்தனர்.

ஓட்டுநரும் எழுந்தார். சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு, தலை குனிந்து நின்றார்.

"யாருக்குண்ணே எந்திரிச்சு நிக்கறீங்க?" என்றார் முதலுதவியாளர்.

"தெரிஞ்சவர் ஒருத்தர். தவறிட்டாரு."

முதலுதவியாளர் கட்டுத்துணியை வைத்துவிட்டுத் தாமும் எழுந்து நின்றார். சிறிது நேரம் கழித்துக் குரல் தாழ்த்திக் கேட்டார்.

"நல்ல மனுஷனா?"

"பொண்ணைப் படிக்க வெச்சாரு."

முதலுதவியாளர் எட்டித் திரையைப் பார்த்தார். "அதான் பொண்ணா? பாவம், கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. போன அப்பனுக்கே இப்படி உருகுதே, அவர் இருந்தப்போ எப்படித் தாங்கியிருக்கும்!"



நிமிடம் முடிந்தது. அரங்கம் அமர்ந்தது, முதலுதவியாளரும் அமர்ந்தார். ஓட்டுநர் அமரவில்லை. மருத்துவமனை வந்து சேருமுன் வண்டியிலேயே மூச்சு அடங்கிவிடுபவர்கள் உண்டு. பெயர் தெரியாத அவர்களுக்காக, வண்டியை நிறுத்தியபின், பின்கதவைத் திறக்குமுன், இரண்டு வரி பதிகம் சொல்லுவது அவர் வழக்கம். யாருக்கும் கேட்காது, உதடு மட்டும் அசையும். அந்த இரண்டு வரியை இப்போது, கை குவித்துக் கண்மூடி, தமக்காக ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

பின்பு கண் திறந்து, திரையில் சிறிதாகத் தெரிந்த மகளின் தலைக்கு நேராக வலக்கையை உயர்த்தினார்.

"நீயாவது நூறு வயசு இரும்மா."